கிளெனிஸ் அளந்த சமையலறை

உங்கள் வீட்டில் சமைக்கிறவர் காலையில் சமையலறைக்குள் வந்ததும் முதலில் எதைத் தொடுகிறார்?

கிளெனிஸ் ட்ரெசைஸ் இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அதே சமையலறையில்தான் சாப்பிட்டு வருகிறேன். கெட்டிலா, குழாயா, விளக்கு சுவிட்சா? யோசித்து யோசித்துப் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை. "விடு, மெர்வுக்கும்தான் தெரியல" என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அந்த மெர்வ் ஹாக்கிங்கின் வீட்டில் நடந்ததைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அடிலெய்டு நகரத்துக்கு வடக்கே இருக்கிற எங்கள் கடினா ஊரில் யாராவது சமையலறையை இடித்துக் கட்ட நினைத்தால் முதலில் கிளெனிஸைத்தான் கூப்பிடுவார்கள். அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. வார நாட்களில் பள்ளிக்கூட கேன்டீனில் பாஸ்டி என்கிற, கறியும் உருளைக்கிழங்கும் அடைத்த பண்டத்தைச் சுட்டு விற்கிறார். மாலையிலும் சனிக்கிழமைகளிலும் வீடு வீடாகப் போய் யோசனை சொல்கிறார். சமையலறை எப்படி இருக்க வேண்டும், வாசலில் என்ன செடி வைக்க வேண்டும் என்கிற இரண்டும் அவருக்கு ஒரே வேலைதான். கூலியென்று பெரிதாக எதையும் கேட்க மாட்டார். நண்டு பிடிக்கிற பருவத்தில் ஒரு வாளி நீல நண்டு கொடுத்தால் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வார்.

பதினேழு வயதில், ஊரிலிருந்த அலமாரிப் பட்டறையில் மரத்தூள் கூட்டுகிற வேலைக்குச் சேர்ந்தவர் அவர். ஒரு நாள் அளவு டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை என்று ஒரு பண்ணை வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். அந்த வீட்டுச் சமையலறை நாலு வருஷத்துக்கு முன் அதே பட்டறை செய்து கொடுத்தது. வீட்டுக்காரம்மா குள்ளம். பால் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். "இத யாரு அளந்தது?" என்று கிளெனிஸ் கேட்டார். "உங்க ஆளுங்கதான் வந்து சுவத்த அளந்தாங்க. என்னை யாரும் அளக்கல" என்றாராம் அந்தம்மா.

அன்றைக்கு வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் பால் பெட்டிதான் கிளெனிஸின் கண்ணில் நின்றது. அதற்குப் பிறகு அவர் முதலில் ஆளைத்தான் அளப்பார். முழங்கை தரையிலிருந்து எவ்வளவு உயரம், கையை நீட்டினால் எவ்வளவு தூரம் எட்டும், குனிந்தால் முதுகு வலிக்குமா என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொள்வார். பட்டறையில் முப்பத்தொரு வருஷம் இருந்தார். பட்டறை மூடிய பிறகும் இந்தப் பழக்கத்தை அவர் விடவில்லை.

ஒரு வீட்டுக்குப் போனால் மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருவார். "ஒரு டீ போடுங்க" என்பார். அதற்குப் பிறகு வாயே திறக்க மாட்டார். டீ போடுகிறவர் எத்தனை அடி நடக்கிறார், எங்கே திரும்புகிறார், எந்தக் கதவு இடுப்பில் இடிக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு கோப்பை டீக்கு முப்பத்தெட்டு அடி நடந்த வீடுகூட உண்டாம். டீயைக் குடித்து முடித்த பிறகுதான் பென்சிலை எடுப்பார்.

செடி விஷயத்தில் அவர் இன்னும் கறார். கடினாவில் ஒரு சாண் தோண்டினால் போதும், கடப்பாரை டங்கென்று சுண்ணாம்புப் பாறையில் மோதும். அடிலெய்டிலிருந்து ஆசையாக வாங்கி வருகிற செடியெல்லாம் கிறிஸ்துமஸ் சமயத்துக் கோடை வெயிலுக்குள் மஞ்சளாகிப் போய்விடும். "பக்கத்து வீட்ல எது சாகாம நிக்குதோ, அதுல ஒரு குச்சி கேட்டு வாங்கி நடு" என்பதுதான் அவர் எல்லோருக்கும் சொல்கிற யோசனை. சொல்கிற விதம் கொஞ்சம் வெடுக்கென்று இருக்கும். கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. அவர்களும் குச்சி வாங்கித்தான் நட்டார்கள்.

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மழை தூறிக்கொண்டிருந்தபோது, கிளெனிஸ் மெர்வ் வீட்டுப் பின்கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். மெர்வுக்கு எழுபத்தாறு வயது. கோதுமைக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி டோரீனுக்கு ஏப்ரல் மாதம் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பத்து நிமிஷத் தூரத்தில், பக்கத்து ஊரான வாலரூவில் மருத்துவமனை. டோரீன் அங்கே கிடந்தார். ஆகஸ்ட் மாதம் மருத்துவமனையிலிருந்து ஒரு அதிகாரி வந்து வீட்டைப் பார்ப்பார். டோரீன் தன் வீட்டுக்குள் தானே வந்து, தன் கையால் ஒரு டீ போட்டுக் காட்ட வேண்டும். அது ஆபத்தில்லாமல் நடந்தால் வீட்டுக்கு அனுப்புவார்கள். நடக்காவிட்டால் மேட்டுத் தெருவில், ஊரார் மேட்டு வீடு என்று சொல்கிற முதியோர் இல்லம்தான். அங்கே ஒரு அறை காலியாக இருந்தது. ஆகஸ்ட் நடுப்பகுதி வரைதான் அதை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பார்கள்.

மகள் கார்லீன் அடிலெய்டிலிருந்து வந்திருந்தாள். கையோடு கம்ப்யூட்டரில் ஒரு வரைபடமும் கொண்டுவந்திருந்தாள்.

கிளெனிஸ் ஸ்டூலில் உட்கார்ந்தார். டீ போடுகிற ஆள் வீட்டில் இல்லையே! மெர்விடம் கேட்டார்.

"காலைல உள்ள வந்ததும் டோரீன் முதல்ல எதத் தொடுவா, மெர்வ்?"

மெர்வ் சமையலறையைச் சுற்றிப் பார்த்தார். "நான் எந்திரிச்சு வரும்போது டீ மேசை மேல இருக்கும்."

"அது எப்படி அங்க வருது?"

"அது... வந்திரும்."

"நாப்பத்தொன்பது வருஷமா தானா நடந்து வருதா?"

"என்னைப் போய்க் கேக்கறியே! கோதுமை எப்படி கப்பலுக்குப் போகுதுன்னு கேளு, புட்டுப்புட்டு வைக்கிறேன்."

கார்லீன் வரைபடத்தைக் காட்டினாள். எல்லாம் வெள்ளை. கைப்பிடியே இல்லாத கதவுகள், தலைக்கு மேலே வரிசையாக அலமாரிகள், நடுவில் தனியாக நிற்கிற பெரிய மேடை. கிளெனிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"கார்லீன், உங்கம்மாவுக்கு வலது கை வராது. இடது கைதான். கொதிக்கிற தண்ணிய இங்கேருந்து அந்த நடு மேடைக்கு எதுல தூக்கிட்டுப் போவா? பல்லுலயா?"

கார்லீனின் முகம் சிவந்துவிட்டது. "அம்மா அழகா ஒரு கிச்சன்ல இருக்கட்டும்னுதானே பாத்தேன். இத்தன வருஷமா இந்த ஓட்டைக்குள்ளயே கெடந்தாங்க."

"தெரியும் கண்ணு. அழகாத்தான் இருக்கு. அந்த வெள்ளைய வச்சுக்கலாம். மத்தத உங்கம்மாகிட்டயே கேட்டுட்டு வரேன்."

அன்று பிற்பகலே கிளெனிஸ் தன் பழைய பிக்கப் வண்டியை வாலரூவுக்கு ஓட்டினார். டோரீன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. பேச்சு மெதுவாக வந்தது. ஆனால் நாக்கின் கூர்மைக்கு ஒன்றும் ஆகவில்லை.

"மெர்வ் என்னத்தச் சாப்பிடறான்?"

"டின்ல அடைச்ச பீன்ஸ்."

"சூடு பண்ணியா?"

"கேக்கல."

"அப்ப பச்சையாத்தான்" என்றார் டோரீன்.

கிளெனிஸ் சாப்பாட்டுத் தட்டு வைக்கிற சக்கர மேசையை இழுத்துக் கட்டிலுக்குக் குறுக்கே போட்டார். டிஷ்யூ பெட்டியை இடது ஓரத்தில் வைத்து, "இது ஃபிரிட்ஜ்" என்றார். தண்ணீர் டம்ளர் குழாய்த் தொட்டி ஆனது. மூக்குக் கண்ணாடிப் பெட்டி அடுப்பு. ஜாம் பொட்டலம் கெட்டில்.

"இதான் உன் சமையலறை. எனக்கு ஒரு டீ போடு."

டோரீன் அவரை ஒரு பார்வை பார்த்தார். "எனக்கு மூளையில அடைப்பு வந்துச்சு சரி. உனக்கு என்ன வந்துச்சு?"

"போடு டோரீன். சர்க்கரை இல்லாம."

டோரீன் இடது கையைத் தூக்கினார். அந்தக் கை கெட்டிலுக்கும் போகவில்லை, குழாய்க்கும் போகவில்லை. மேசைக்கு அப்பால், வெறும் காற்றில் நீண்டு எதையோ கீழே இழுத்தது.

"ஜன்னல் திரையோட கயிறு" என்றார். "பின்வேலிக்கு அந்தப் பக்கம் ஷர்லி வீட்டுப் புகைபோக்கி தெரியும். புகை வந்தா அவ உயிரோட இருக்கா. அப்புறம்தான் தண்ணி வைப்பேன்."

ஷர்லிக்கு எண்பத்துநாலு வயது, தனியாக இருப்பவர். டோரீன் வருஷக்கணக்காக இதைச் செய்து வந்தது மெர்வுக்குத் தெரியாது, ஷர்லிக்கும் தெரியாது.

கிளெனிஸ் எழுதிக்கொண்டார். டோரீன் ஜாம் பொட்டலத்தைத் தூக்கவில்லை. மணிக்கட்டின் பக்கவாட்டால் டம்ளர் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். திரும்ப அடுப்புக்கும் அப்படியே தள்ளினார். கிளெனிஸ் அதையும் எழுதிக்கொண்டார். ஃபிரிட்ஜில் தொடங்கி அடுப்பு வரை இடைவெளியே இல்லாமல் ஒரே மேடை வேண்டும். அப்போது டோரீன் எதையும் தூக்க வேண்டியதில்லை, தள்ளினால் போதும்.

"மேல அலமாரி வேணுமா?"

"எதுக்கு? இப்ப இருக்கற மேலலமாரில கல்யாணப் பரிசு ஒண்ணு இருக்கு. என்னன்னே எனக்கு மறந்துபோச்சு."

கிளெனிஸ் கிளம்பும்போது டோரீன் அவர் கைச் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "என்னை மேட்டு வீட்டுக்கு அனுப்ப விட்டுடாத. அங்க பத்தரைக்குத்தான் டீ குடுப்பாங்க. எனக்கு ஆறு மணிக்கு வேணும். அதுவும் நான் போட்ட டீ."

"விடமாட்டேன்" என்றார் கிளெனிஸ். வண்டியில் ஏறிய பிறகு, எழுதியதையெல்லாம் இன்னொரு முறை படித்துப் பார்த்தார்.

பட்டறையில் கூட வேலை பார்த்த நெவ் என்கிற தச்சரைக் கூப்பிட்டார். இருவரும் ஆறு வாரம் உழைத்தார்கள். உட்கார்ந்த உயரத்துக்கு ஒரே நீள மேடை. அதன் கீழே சக்கர நாற்காலியின் முழங்கால் நுழைகிற இடம். எதுவும் உருண்டு விழாமல் இருக்க விளிம்பில் விரல் கனத்துக்கு மரத்தடுப்பு. கெட்டிலைத் தூக்காமல் சாய்த்து ஊற்றத் தொட்டில் போல ஒரு தாங்கி. இழுப்பறைகளுக்கு மணிக்கட்டை நுழைத்து இழுக்கிற மாதிரி பெரிய கைப்பிடிகள். கார்லீன் கேட்ட வெள்ளை வண்ணம். ஜன்னல் திரைக்கு இடது பக்கத்தில் நீளமான கயிறு. பின்படிகளுக்கு மேல் ஒரு சாய்தளமும் போட்டார்கள். மெர்வ் பலகை பிடித்தார், ஆணி எடுத்துக் கொடுத்தார், நெவ்விடம் திட்டு வாங்கினார்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. மெர்வ், கிளெனிஸ், நெவ், ஷர்லி நாலு பேரும் பின்வாசலில் வரிசையாக நின்றார்கள். ஷர்லி கையில் லாமிங்டன் கேக் தட்டு. பத்து மணி ஆயிற்று. பத்தேகால் ஆயிற்று.

அப்போது வீட்டுக்குள்ளேயிருந்து டொக் டொக் என்று சத்தம் கேட்டது.

"என்ன அது?" என்றார் நெவ்.

மெர்வின் முகம் வெளுத்துவிட்டது. "முன்கதவ யாரோ தட்டறாங்க."

"முன்கதவையா? யாரு செத்துட்டாங்க?" என்றார் ஷர்லி.

எங்கள் ஊரில் முன்கதவைத் தட்டுகிறவர்கள் போலீஸ்காரர்களும் மதம் பரப்ப வருகிறவர்களும்தான். மற்ற எல்லோரும் வீட்டின் பக்கவாட்டில் சரளைப் பாதையில் நடந்து பின்கதவு வழியாக வருவார்கள். மெர்வ் வீட்டு முன்கதவு பத்தொன்பது வருஷமாகத் திறக்கப்படவில்லை. மூன்று முறை பூசிய வண்ணம் கதவையும் நிலையையும் ஒன்றாக ஒட்டி வைத்திருந்தது. அதற்குப் பின்னால் மட்டன் நிரம்பிய ஒரு பெரிய ஃபிரீசர் நின்றது. வெளியே, படிக்கு முன்னால், டோரீனின் இருபத்திரண்டு ரோஜாச் செடிகள் பாதையையே விழுங்கிவிட்டிருந்தன.

அந்த முள்ளுக்கெல்லாம் நடுவில் லின் குவாக் என்கிற இளம் அதிகாரி நின்றுகொண்டிருந்தார். நகரத்திலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவருடைய கோட்டை ஒரு ரோஜாக் கிளை பிடித்து வைத்திருந்தது. தெருவில், மருத்துவமனை வண்டியில், டோரீன் உட்கார்ந்திருந்தார்.

மெர்வ் வெறும் காலுறையோடு வீட்டைச் சுற்றி ஓடினார். "அந்தப் பக்கம் இல்ல, அந்தப் பக்கம் இல்ல!"

டோரீனின் நாற்காலியைச் சரளையில் தள்ளப் பார்த்தார்கள். சக்கரம் புதைந்துகொண்டது. கடைசியில் நெவ்வும் வண்டி ஓட்டுநரும் நாற்காலியோடு அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "கல்யாணத்தன்னைக்குக்கூட என்னை யாரும் இப்படித் தூக்கல" என்றார் டோரீன். மெர்வ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

ஆனால் உள்ளே வந்த பிறகு எல்லாம் சரியாக நடந்தது. டோரீன் கயிற்றை இழுத்துத் திரையைத் திறந்தார். கெட்டிலைத் தள்ளினார், சாய்த்தார், ஊற்றினார். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. டீயை மெர்வ் முன்னால் தள்ளிவிட்டு, "குடி. நாலு மாசமா பச்சை பீன்ஸ் தின்ன மூஞ்சியைப் பாரு" என்றார். ஷர்லி அழுதுவிட்டார்.

லின் நிறைய எழுதினார். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

"தீப்பிடிச்சா எந்த வழியா வெளிய போவீங்க?"

"பின்பக்கமா" என்றார் மெர்வ்.

"படுக்கையறைலேருந்து பின்கதவுக்குப் போகணும்னா அடுப்பைத் தாண்டித்தானே போகணும்? தீயே அடுப்புலதான்னா?"

மெர்வ் அடுப்பைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆம்புலன்ஸ் வந்தா? இப்ப ரெண்டு பேர் இருந்தாங்க, தூக்கினாங்க."

"இதப் பாரும்மா," மெர்வ் குரலை உயர்த்தினார், "இந்த ஊர்ல யாருமே முன்கதவ..."

"மெர்வ், சும்மா இரு" என்றார் கிளெனிஸ். அவர் எழுந்து நின்றிருந்தார். "அவங்க சொல்றது சரி. தப்பு என்னோடது. இத்தன வருஷமா எத்தனையோ வீட்டுக்குப் போயிருக்கேன். எல்லாத்துக்கும் பின்பக்கமாத்தான் போனேன். இந்த வீட்டுக்கு முன்னால ஒரு கதவு இருக்குங்கறதே எனக்குத் தோணல."

லின் பேனாவை மூடினார். "இந்தச் சமையலறை மாதிரி ஒண்ண நான் எங்கயும் பாத்ததில்ல. ஆனா இப்படியே அனுப்ப முடியாது. அடுத்த வாரம் வியாழக்கிழமை மறுபடி வரேன்." மேட்டு வீட்டு அறையை அதற்கு மறுநாள், வெள்ளிக்கிழமை வரைதான் வைத்திருப்பார்கள்.

டோரீன் இடது கையால் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். நேரமாகிவிட்டது என்று லின் இரண்டு முறை சொன்ன பிறகுதான் கையை எடுத்தார்.

இன்னும் ஒன்பது நாள். வேறு யாராக இருந்தாலும் இரண்டு நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்திருப்பார்கள். கிளெனிஸ் அந்த நிமிஷமே டேப்பை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனார். தாழ்வாரம் தரையிலிருந்து முப்பத்திரண்டு சென்டிமீட்டர் உயரம். ஒரு பங்கு உயரத்துக்குப் பதினாலு பங்கு நீளம் வேண்டும். அப்போதுதான் ஒற்றைக் கையால் நாற்காலியை ஓட்ட முடியும். நாலரை மீட்டர். வாசல் கேட்டிலிருந்து தாழ்வாரம் வரை ஐந்தேகால் மீட்டர் இருந்தது. பொருந்துகிறது. ஆனால் ரோஜாக்கள் இருக்கிற இடத்தில்தான் பொருந்துகிறது.

மெர்வ் குறுக்கே வந்து நின்றார். "வேற எதையாவது வெட்டு. அதத் தொட்டா டோரீன் என்னைக் கொன்னுடுவா. முப்பது வருஷமா அவளுக்காகத் தெனம் சாயங்காலம் தண்ணி ஊத்தறேன்."

"நானே கேட்டுட்டு வரேன்."

மருத்துவமனையில் டோரீன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கிளெனிஸ் விஷயத்தைச் சொன்னார். டோரீன் மெல்லத் திரும்பினார்.

"ரோஜாவா? அந்தச் சனியன எடுத்துப் போடு. மெர்வுக்குப் பிடிக்கும்னு விட்டு வச்சேன். வருஷா வருஷம் கிளைய வெட்டி விட்டு முள்ளு குத்து வாங்கினது நான்தான்."

"அவன் உனக்குப் பிடிக்கும்னு தண்ணி ஊத்திட்டிருக்கான்."

டோரீனின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று கிளெனிஸ் பயந்தார். சிரித்துக்கொண்டிருந்தார்.

"அங்க என்ன வேணும் உனக்கு?"

டோரீன் யோசித்தார். "கசக்கினா வாசனை வர்ற செடி. உக்காந்தபடியே கைக்கு எட்டணும். உயரமா வேண்டாம். தெருவுல போறவங்க மூஞ்சி தெரியணும்."

மறுநாள் வேலை தொடங்கியது. மெர்வோடு கிடங்கில் வேலை பார்த்த மூன்று பேர் கடப்பாரையோடு வந்தார்கள். சாய்தளத்துக்கு எட்டுக் கால் நட வேண்டும். பாறையில் ஒரு குழிக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. தோண்டத் தோண்டத் தட்டையான சுண்ணாம்புக் கற்கள் வந்தன. கிளெனிஸ் ஒன்றையும் வீசவிடவில்லை. இரண்டு பக்கமும் இடுப்பளவு சுவராக அவற்றை அடுக்கச் சொல்லி உள்ளே மண் நிரப்பினார். நாற்காலியில் வருகிறவரின் கைக்கு நேராக அந்தப் பாத்தி அமைந்தது.

ரோஜாக்களை வேரோடு எடுத்து வாசலில் வைத்தார்கள். எங்களுக்கு ஆகஸ்ட் குளிர்காலம் என்பதால் எடுத்து நட்டால் பிழைத்துக்கொள்ளும். "ஒரு ரோஜா எடுத்துட்டுப் போறவங்க ஒரு செடி கொண்டு வரணும். வாசனை வரணும், உங்க வீட்ல பத்து வெயில் காலமாவது தாங்கியிருக்கணும்" என்று கிளெனிஸ் தெரு முழுவதும் சொல்லி வைத்தார். ரோஸ்மேரி வந்தது. எலுமிச்சை வாசனை ஜெரேனியம் வந்தது. லாவெண்டர், புதர் புதினா, இலையைத் தேய்த்தால் மிட்டாய் வாசனை வருகிற ஏதோ ஒன்று. சாம்பல் நிற உப்புச் செடி ஒன்றையும் ஒருவர் கொண்டுவந்தார். "இதுல வாசனை இல்லையே" என்றார் கிளெனிஸ். "சாகாது" என்றார் அவர். சரியென்று வாங்கிக்கொண்டார்.

கேன்டீன் வேலை முடிந்ததும் கிளெனிஸ் நேராக அங்கேதான் வருவார். மூன்றாம் நாள் கல் விழுந்து கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. துணி சுற்றிக்கொண்டு மறுபடி குனிந்தார். இரண்டு நாள் அடைமழை. நெவ் தாழ்வாரத்துக்குள் நின்று பலகைகளை அறுத்தார். திங்கட்கிழமை ஃபிரீசரை நகர்த்தி, கதவைச் சுற்றிக் கத்தியால் வண்ணத்தை அறுத்து, இரண்டு பேர் தோள் கொடுத்து இடித்தார்கள். கதவு திறந்துகொண்டது. வடக்குப் பார்த்த வாசல், எங்கள் பக்கத்தில் வெயில் அந்தத் திசையிலிருந்துதான் வரும். குளிர்கால வெயில் நேராகக் கூடத்துக்குள் விழுந்தது. மெர்வ் அந்த வெயிலில் போய் நின்றார். "இத மூடி வச்சு அதுக்கு முன்னால மட்டன வேற வச்சிருந்தேன்" என்றார்.

வியாழக்கிழமை. எல்லோரும் முன்வாசலில் நிற்க வேண்டும் என்று கிளெனிஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்படியும் ஷர்லி கேக் தட்டோடு பின்வேலிச் சந்து வழியாகவே வந்தார்.

"ஷர்லி! சுத்தி வா!"

"அறுபது வருஷமா இப்படித்தான் வர்றேன்!"

"இன்னைலேருந்து சுத்தி வா!"

வண்டி வந்து நின்றது. லின் இறங்கி டோரீனின் நாற்காலியைச் சாய்தளத்தின் அடியில் விட்டுவிட்டு விலகி நின்றார். டோரீன் இடது கையால் சக்கரத்தைத் தள்ளினார், இடது காலால் தரையை உந்தினார். ஒரு மீட்டர். இரண்டு மீட்டர். பாதியில் நின்றுவிட்டார். மூச்சு வாங்கியது. மெர்வ் ஒரு எட்டு முன்னால் வைத்தார். கிளெனிஸ் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அவள அவ போக்குல விடு."

"அவளால முடியல, கிளெனிஸ்."

"விடுன்னு சொன்னேன்."

டோரீன் பக்கத்துப் பாத்தியில் கையை வைத்தார். ரோஸ்மேரியில் ஒரு கொத்தைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தார். பிறகு கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி சக்கரத்தைப் பிடித்தார். தாழ்வாரத்துக்கு வந்தார். கதவை முழங்கையால் தள்ளித் திறந்தார்.

லின் பின்னாலேயே போனார். "தீப்பிடிச்சா எப்படி வெளிய வருவீங்க, திருமதி ஹாக்கிங்?"

"இப்ப வந்த வழியாத்தான். மெர்வ உள்ள விட்டுட்டு."

லின் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே காகிதத்தின் அடியில் கையெழுத்துப் போட்டார். "திங்கட்கிழமை நீங்க வீட்டுக்கு வரலாம்."

டோரீன் அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். லின் சொன்னார். மெர்வ் தாழ்வாரத் தூணைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றார். அவர் முதுகு மட்டும்தான் எல்லோருக்கும் தெரிந்தது. அடிலெய்டிலிருந்து வந்திருந்த கார்லீன் அங்கேயே நின்று மேட்டு வீட்டுக்குப் போன் போட்டு, "அந்த ரூம் எங்களுக்கு வேண்டாம், வேற யாருக்காவது குடுத்துடுங்க" என்றாள். போனை வைத்துவிட்டுக் கிளெனிஸின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"போதும் போதும், விரல் வலிக்குது" என்றார் கிளெனிஸ்.

டோரீன் இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறார். கிளெனிஸும் இன்னும் வீடு வீடாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறார். ஒரே ஒரு மாற்றம். இப்போதெல்லாம் முதலில் தெருவில் நின்று, வீட்டை முன்னாலிருந்து பார்க்கிறார். வீட்டுக்காரர்கள் பின்வாசலில் காத்துக்கொண்டிருக்கிறார்கள். இவர் முன்கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார். அதில் அவருக்கு வெட்கம் இல்லை. மெர்வ் வீட்டில் தான் எங்கே தவறினார் என்பதைக் கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது அதுதான்.

இதைப் படித்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்குத் தெரிந்த யாராவது ஒருவர் மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு எப்போது வீட்டுக்குப் போவோம் என்று காத்திருக்கலாம். அவருடைய பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். வீட்டை இடிப்பதற்கு முன்னால் சொல்லுங்கள்.